வட்ட ஹெட்லைட்டோடு முடிகிற விஷயம் இல்லை

ரெட்ரோ பைக் என்றால் வட்ட ஹெட்லைட், பழைய சாயல் டேங்க், அவ்வளவுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. டுகாட்டி ஸ்கிராம்ப்ளருக்கு ஓரளவு பொருந்தலாம், மோட்டோ குஸ்ஸி வி7-க்குப் பொருந்தாது. 1967-இல் விற்பனைக்கு வந்த முதல் வி7-இன் அடிப்படைதான் இன்றைய 853 சிசி வண்டியிலும்: இருபக்கமும் விரிந்த 90 டிகிரி வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), ஏர் கூலிங், பின்சக்கரத்தைச் சுற்றச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட்.

சிலிண்டர் ஹெட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் சிறு சந்து) பார்க்க டேங்கில் கை வைக்க வேண்டாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கணும். கவரைக் கழற்றி, கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து, லாக்நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்பினால் ஆச்சு. நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே நகரும். மறுபடி அளக்காமல் கவரை மூடாதீர்கள். ஸ்கிராம்ப்ளரின் டெஸ்மோ என்ற வால்வு அமைப்பில் வால்வைத் திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொன்று, சரிசெய்ய ஷிம் (வேறுவேறு தடிமனில் வரும் சிறு துண்டு) மாற்றணும். அதில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டோ, வண்டி ஓடாமல் நின்றாலும் காலம் ஆனால் மாற்றியே தீரணும்.

நிறுத்தி வைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வி7 வலப்பக்கம் லேசாகச் சாயும். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வண்டியின் நீளவாக்கில் கிடந்து சுற்றுவதால் வருவது, கோளாறு இல்லை. செயினுக்கு எண்ணெய் போடும் செலவு மிச்சம் என்று, ஷாஃப்ட் முனையில் இருக்கும் பின்சக்கர கியரின் ஆயிலை மறக்கிறவர்கள்தான் கடைசியில் பேரிங்குக்குச் செலவழிக்கிறார்கள்.