ஆகாயத்தாமரையை அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு

தொட்டியில் ஆகாயத்தாமரை பூத்திருக்கும் படத்தை யாராவது போட்டால் போதும், "எனக்கும் ஒரு செடி கொடுங்களேன்" என்று கீழே வரிசைகட்டிக் கேட்கிறார்கள். பூ அழகுதான். இளம் ஊதா இதழ்களில் மேலே உள்ள ஒன்றில் மட்டும் மஞ்சள் பொட்டு. ஆனாலும் இந்தச் செடியை யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, நர்சரிகள் விற்கவே கூடாது.

அமேசான் படுகையில் பிறந்த செடி இது. கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனது பூவுக்கு ஆசைப்பட்ட மனிதர்கள்தான். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் படகுகளை மறித்துவிட்டது. வங்காளத்தில் இதை ஒழிக்க 1936இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 1990களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் மீனவர்கள் படகை எடுக்க முடியாமல் தவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் விற்பனை, வளர்ப்பு இரண்டையும் தடைசெய்தது.

ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள். உப்பிய இலைக்காம்பை அறுத்தால் உள்ளே பஞ்சுபோல் காற்றறைகள், மிதப்பது அதனால்தான். அடியிலிருந்து பக்கவாட்டில் ஒரு தண்டு ஓடும், அதன் நுனியில் ஒரு குட்டிச் செடி. தண்டு முறிந்தால் குட்டி தனியே மிதந்துபோய் இன்னொரு குடும்பத்தைத் தொடங்கிவிடும். கழிவுநீர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். பூ வாடியதும் காம்பு தண்ணீருக்குள் வளைந்து விதையை உதிர்க்கும். அந்த விதை சேற்றில் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். பெரும் செலவில் இயந்திரம் விட்டு வாரிய ஏரி மறுபடியும் பச்சையாகிவிடுவது இதனால்தான். கழிவுநீரை நிறுத்தாமல் ஒருமுறை வாரிவிட்டுப் படம் எடுத்துப் போடுவதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. பச்சைப் போர்வைக்கு அடியில் வெளிச்சம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன.

"கூடை பின்னலாமே, உரம் போடலாமே" என்பார்கள். தாராளமாகச் செய்யட்டும், வாரிக் கரையில் போட்டதை வைத்து. அதற்காகப் புதிதாக ஒன்றைக்கூட வளர்க்க வேண்டியதில்லை.

இப்போது வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கால்வாயிலோ குளத்திலோ வீசாதீர்கள். வேரோடு எடுத்து, தண்ணீர் பக்கம் இல்லாத இடத்தில் சருகாகும்வரை வெயிலில் காயவிடுங்கள். தொட்டித் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் விதை இருக்கலாம். சாக்கடையில் கொட்டாமல் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள். காலியான தொட்டிக்கு உங்கள் ஊர்க் குளத்து அல்லி போதும்.