கருகி விழுறது பிஞ்சு இல்லீங்க

"பலா மரம் வேண்டாத பிஞ்சை தானே கருக்கி உதிர்த்துடும், நாம கை வைக்கவே வேண்டாம்"னு மேல போட்டிருக்கீங்களே அண்ணே, அது தப்பு. கருப்பாகி விழுறதுல முக்கால்வாசி ஆண் பூ, மகரந்தம் கொட்டினதும் அதோட வேலை முடிஞ்சுது, காம்பு ஒல்லியா இருக்கும், மேல் பக்கம் வழவழன்னு இருக்கும். பெண் பூவுக்கு காம்பு தடிமன், அடியில பச்சையா ஒரு வளையம், தொட்டா சொரசொரன்னு தெரியும், அதுதான் காயாகும்.

அது கொத்தா பிடிச்சா மரம் எல்லாத்தையும் கழிக்காது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளர்ந்தா காய் கோணிக்கும், அந்த இடுக்குலதான் துளைப்பான் புழு சுகமா உள்ள போகும். கொத்துக்கு நல்லதா ஒண்ணை விட்டுட்டு மிச்சத்தை சின்னதுலயே கத்தியால வெட்டிடுங்க, பிச்சு இழுக்காதீங்க பட்டை உரியும். வெட்டின மூசு, அதாவது பிஞ்சு பலாக்காய், வீணாகாது, பொரியலுக்கு சந்தையில கேட்டு வாங்குறாங்க.