பொலன்னறுவையில் நடந்தது பங்காளிச் சண்டை

இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவையைப் பற்றிய அந்தக் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதன் கீழே நடந்த சண்டையையும். "சோழன் வென்ற மண்" என்று ஒரு பக்கம், "அழிக்க வந்த கூட்டம்" என்று மறுபக்கம். நடுவில் நான் எழுதிய நான்கு வரிக்கு இரண்டு பக்கமும் திட்டு. மூன்று நாள் பொறுத்தேன். இன்றைக்கு முடியவில்லை.

பொலன்னறுவைக்காக நடந்தது பதவிச் சண்டை. இனச் சண்டை இல்லை.

சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தன், அதற்கு முந்தைய தலைநகரான அனுராதபுரத்தை ஏன் விட்டான்? கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. படை கிளர்ந்தது, அவன் தெற்கே உரோகணைக்கு ஓடினான். அதற்குப் பிறகுதான் இராஜராஜன் படை வந்தது. 1070இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டான். சரி, அந்த விஜயபாகு தன் சகோதரி மித்தாவை யாருக்குக் கட்டிக்கொடுத்தான்? ஒரு பாண்டிய இளவரசனுக்கு. அந்தப் பாண்டியனின் பேரன்தான் பின்னால் பொலன்னறுவையை ஆண்ட மகா பராக்கிரமபாகு. இதைச் சொன்னதற்குத்தான் ஒருவர் என்னைப் பொய்யன் என்றார். இலங்கை அரசர்களின் வரலாறு சொல்லும் பாளி நூலான சூளவம்சத்திலேயே இருக்கிறது, ஐயா.

பராக்கிரமபாகு அரியணைக்காக யாரோடு மோதினான்? கஜபாகு, மாமன் மகன். மானாபரணன், சித்தப்பா மகன். இதைப் பங்காளிச் சண்டை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? பிறகு மதுரைக்காக இரண்டு பாண்டியர்கள் அடித்துக்கொண்டபோது ஒருவனுக்கு இவன் படை அனுப்பினான், மற்றவனுக்குச் சோழன் துணை நின்றான். இதில் எவன் நம் ஆள், எவன் எதிரி?

"சோழர் விகாரைகளைக் கொள்ளையடித்ததை மறைக்கிறாயா?" மறைக்கவில்லை. கொள்ளையடித்தார்கள். அதே இராஜராஜன் காலத்தில் சாளுக்கிய நாட்டிலும் சோழப்படை சூறையாடியது. அரசர்கள் அப்படித்தான் இருந்தார்கள். "மாகன்?" 1215இல் இலங்கைமீது படையெடுத்து வந்த மாகன் செய்தது கொடுமை, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அவன் கலிங்கத்தான். அவன் கணக்கை என் தலையில் ஏன் எழுதுகிறீர்கள்?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா என்னைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப்போனார். அங்கே வேளைக்காரர் கல்வெட்டு நிற்கிறது. வேளைக்காரர் என்றால் சிங்கள அரசரிடம் வேலை பார்த்த கூலிப்படையினர். புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் தமிழில் வெட்டிவைத்த உறுதிமொழி. அதே வேளைக்காரர்தான் அதற்கு முன்பு சோழரை எதிர்த்துப் போகமாட்டோம் என்று விஜயபாகுவுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள். கிளர்ந்ததும் அவர்கள், காவல் நின்றதும் அவர்கள். காணொளிக்காரருக்கு இந்தக் கல் கண்ணில் படவே இல்லை.

அப்பாவுக்குப் பழைய எழுத்து படிக்கத் தெரியாது. ஆனாலும் விரலை வைத்து ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சிங்களக் காவலாளி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தெரிந்ததை அப்பா தனக்கு வந்த சிங்களத்தில் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டார். அப்புறம் தன் போத்தலில் இருந்த தண்ணீரை எனக்குக் குடிக்கக் கொடுத்தார்.

அந்தக் கல்லின் படத்தைத்தான் நேற்றுப் போட்டேன். அதற்குக் கீழே ஒருவர் "துரோகி" என்று எழுதினார். இன்னொருவர் "உன் நாட்டுக்குப் போ" என்றார். எந்த நாட்டுக்கு? அப்பாவை எரித்த மண் இங்கேதான் இருக்கிறது.