பிள்ளைக்கு உலகத்தைக் காட்டச் சொன்னவர்களுக்கு

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற பெற்றோர், எந்த உலக வரலாற்றுப் புத்தகம் வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகரில் கூடிப் பேசியபோது நடந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பேசியாகிவிட்டது. யார் என்ன சொன்னார் என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும், மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. "ஊர்ப் பெருமையை வீட்டோட வச்சுக்கங்க தங்கச்சி, பிள்ளைக்கு உலகத்தைக் காட்டுங்க" என்று ஒரு அண்ணன் என்னிடம் சொன்னதும், கூட இருந்தவர்கள் சிரித்ததும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கு உலக வரலாற்றுப் புத்தகம் வாங்கும்போது அட்டையையும் வழவழப்பான தாளையும் பார்த்து மயங்காதீர்கள், கடைசிப் பக்கங்களில் இருக்கிற சொல்லடைவை (இண்டெக்ஸ்) பாருங்கள். அந்த உலகத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்று தேடுங்கள். இதில் ஊர்ப் பெருமை எங்கிருந்து வந்தது?

கூட்டத்தில் கைமாறிய அந்தக் கனமான வெளிநாட்டுப் புத்தகத்தை நானும் புரட்டினேன். வரைபடங்கள் அருமை, அதை மறுக்கவில்லை. ரோமுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. ஆனால் ரோமின் காசு எங்கே போனது என்று அதில் இல்லை. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போய்க்கொண்டிருக்கிறது என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டு எழுதியிருக்கிறார். அந்தக் காசு ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. இது நம்முடைய பெருமை அல்ல, ரோமின் வரலாறு. அந்தக் காசுக்கு வாங்கிய மிளகையும் முத்தையும் விட்டுவிட்டு ரோமின் வணிகத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

அப்புறம் இபன் பதூதா. மொராக்கோவிலிருந்து கிளம்பிய பயணி, 1340களில் மதுரைக்கு வந்திருக்கிறார். அகலமான தெருக்கள் உள்ள பெரிய ஊர் என்று எழுதுகிறார். அவர் வந்த நேரம் ஊரில் கொள்ளை நோய். பிடித்தவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்துபோனார்கள் என்கிறார். அதே மனிதர் 1348இல் டமாஸ்கஸில் இருந்து, ஐரோப்பாவையும் அழித்த பெருங்கொள்ளை நோயை (பிளாக் டெத்) அங்கே கண்ணால் பார்த்தார். இரண்டும் ஒரே நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவின் கொள்ளை நோயைப் படிக்கிற மதுரைப் பிள்ளைக்கு இந்த ஒரு ஆளைக் காட்டினால் போதும், அந்த நூற்றாண்டே திறந்துகொள்ளும். என் மகள் அன்றைக்குச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரசுப் பாடநூல் மனப்பாடத்துக்குத்தான் லாயக்கு என்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? வரலாறு முதல் உலகப் போரில்தான் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் புரட்சிகளின் காலமும் ஏகாதிபத்தியமும் இருக்கின்றன. நடை வறட்சிதான், தகவலைத் திணித்திருக்கிறார்கள், சரி. அதற்குத்தானே வீட்டில் நாம் இருக்கிறோம்? இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிற புத்தகம் என்பதாலேயே அதை மட்டமாகப் பார்க்கிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பதினோராம் வகுப்பு உலக வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் குறை பாதி தீரும்.

வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை அங்கத்தியப் பாடத்திட்டத்தில் தேர்வு எழுத வேண்டாமா என்று ஒரு அக்கா கேட்டார். எழுதட்டும், அதற்குரிய புத்தகத்தையும் படிக்கட்டும். ஆனால் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதுகிற அமெரிக்காவின் ஏபி தேர்வில் உலக வரலாறு இப்போது கி.பி. 1200ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய உலகத்தை யார் சொல்லிக்கொடுப்பது?

சிரித்தார்களே, அது எனக்கு ஏன் இவ்வளவு வலித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பத்தாவின் அண்ணன் திருமங்கலம் பக்கத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். வீட்டுத் தகரப்பெட்டியில் அவருடைய ஸ்டுடியோ படம் ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டை, கை நாற்காலியின் முதுகில், காலில் செருப்பில்லை. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், ஜப்பான்காரன் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கூட்டிப்போனான் என்று மட்டும் சொன்னாராம். இறந்த நாள் தெரியாததால் திதி கிடையாது. அவருடைய மனைவி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை.

1942, 43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டருக்குப் போட்ட பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் ஏராளம். அந்தக் கனமான புத்தகத்தில் இரண்டாம் உலகப் போருக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, இந்த ரயில் பாதைக்கு இரண்டு வரி. அந்த இரண்டு வரியிலும் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் மட்டுமே. எங்கள் வீட்டு ஆள் உலகத்துக்குள் வரமாட்டாரா அண்ணே? அவரைப் பற்றிப் பேசினால் அது ஊர்ப் பெருமையா?

"எல்லாப் புத்தகத்திலும் எல்லாவற்றையும் போட முடியுமா?" என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். முடியாது. அதனால்தான் ஒரே புத்தகத்தை நம்பாதீர்கள் என்கிறேன். விலை கூடினால் உலகமும் கூடிவிடும் என்று நம்பாதீர்கள் என்கிறேன். இதைச் சொல்வதற்கு நான் ஆங்கிலம் தெரியாதவளாகவோ வெளியுலகம் பார்க்காதவளாகவோ இருக்க வேண்டியதில்லை.

மகள் இப்போது அந்த ரயில் பாதையைப் பற்றித்தான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கம் உங்கள் வீட்டிலும் மலாயாவிலிருந்து அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் இருந்தால், படமோ கடிதமோ பெரியவர்கள் சொன்ன நாலு வார்த்தையோ இருந்தால், உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயரைப் போடலாமா கூடாதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.