கோதைநாயகியைப் படிக்காமலே பாராட்டிக்கொண்டிருக்கிறோம்

வை.மு.கோதைநாயகி அம்மாள் என்றதும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. 115 நாவல் எழுதியவர், பத்திரிகை நடத்தியவர், சிறைக்குப் போனவர், மேடையில் பாடியவர், பேசியவர். மகளிர் தினத்தன்று இது அவர் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும். எல்லாரும் கைகூப்புவோம். ஆனால் அந்த 115-ல் ஒன்றையாவது படித்தவரைச் சந்திப்பது அபூர்வம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது. ஒரு நாவலாசிரியரை அவருடைய நாவல்களைத் தொடாமலே கொண்டாடுவது என்ன மரியாதை?

பிறந்தது 1901-ல். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. கணவர் வை.மு.பார்த்தசாரதிக்கு நாடகம் என்றால் உயிர், மனைவியையும் கூட்டிப் போவார். பார்த்துப் பார்த்து அவருக்கும் கதை கட்டும் ஆசை வந்தது. கதை மனதில் இருந்தது, தாளில் எழுதத்தான் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதிக்கொடுத்தார். அப்படி உருவானதுதான் 'இந்திரமோகனா' நாடகம். அதற்கப்புறம் தானே எழுதப் பழகிக்கொண்டார். முதல் நாவல் 'வைதேகி'க்கு அன்றைய பிரபல நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் தன் 'மனோரஞ்சனி' இதழில் இடம் கொடுத்தார்.

இதைச் சாதனைக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். நான் இதில் அவருடைய எழுத்து முறையையே பார்க்கிறேன். எழுதத் தொடங்கும் முன்பே வாயால் கதை சொன்னவர் அவர். அதனால்தான் அவருடைய நாவல்களில் உரையாடல் அவ்வளவு கொட்டிக்கிடக்கிறது. பாத்திரங்கள் புலம்புவார்கள், சண்டை போடுவார்கள், பக்கம் பக்கமாக நியாயம் கேட்பார்கள். கண்ணால் வாசிக்கும்போது இதெல்லாம் நீளம் என்று தோன்றலாம். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அப்போது தெரியும். வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்ட காலம் அது. பெண்களில் படிக்கத் தெரிந்தவர்களே மிகக் குறைவு. அந்தக் காதுகளுக்காக எழுதப்பட்ட உரைநடை இது. நாம் வேறு அளவுகோலை வைத்துக்கொண்டு, 'இலக்கியத் தரம் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம்.

1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகை அவர் கைக்கு வந்தது. ஆனந்த விகடன் தொடங்கியதே அதற்கு அடுத்த ஆண்டுதான். கல்கியின் 'கள்வனின் காதலி' தொடராக வந்தது 1937-ல். தொடர்கதைக்காக ஒரு தமிழ்க் குடும்பமே காத்துக்கிடக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேசினால் நாம் கல்கியிலிருந்து ஆரம்பிக்கிறோம். கல்கியை நான் குறைத்துச் சொல்லவில்லை, பொன்னியின் செல்வனை எத்தனையோ முறை படித்தவன் நான். ஆனால் அவருக்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்னதாக, அந்த வாசகர் கூட்டத்தில் ஒரு பெரிய பங்கை, அதுவும் பெண்களை, திரட்டி வைத்தவர் திருவல்லிக்கேணியில் உட்கார்ந்து எழுதிய இந்த அம்மாள். எதிர்ப்பும் ஏச்சும் அவருக்குக் குறைவில்லாமல் வந்தன. பெண்பிள்ளைக்கு எதற்கு நாவல், அதுவும் பத்திரிகை எதற்கு என்று கேட்டவர்கள் நடுவில்தான் சுமார் 35 ஆண்டு அந்தப் பத்திரிகை வந்தது. இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டையும் தாண்டி வந்தது.

அவர் எதை எழுதினார் என்பதும் முக்கியம். பால்ய விவாகம், விதவை மறுமணம், வரதட்சணை, குடி. இவற்றை வைத்துக் கட்டுரை எழுதியிருந்தால் ஏற்கெனவே ஒத்த கருத்துள்ள நாலு பேர் படித்திருப்பார்கள். அவர் கண்ணீரையும் மர்மத்தையும் திடீர்த் திருப்பத்தையும் கலந்து எழுதினார். அதனால் சீர்திருத்தம் என்ற பேச்சே பிடிக்காத வீடுகளுக்குள்ளும் அந்தப் பக்கங்கள் போயின. 1925-ல் காந்தியைச் சந்தித்தபின் பட்டுப் புடவையையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். மறியலில் கைதாகிச் சிறைக்குப் போனார், அங்கேயும் நாவல் எழுதினார்.

குறை இல்லையா? இருக்கிறது. தற்செயல்கள் அளவுக்கு மீறி வரும். நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள். பதிவிரதா தர்மத்தின் மேல் அவருக்கிருந்த பிடிப்பு இன்று படிக்கும்போது பல இடங்களில் உறுத்துகிறது. பத்திரிகைக்குப் பக்கம் நிரப்ப அவசரமாக எழுதிய நாவல்களும் கட்டாயம் இருக்கும். 115 நாவலும் தேறாது, நானே சொல்கிறேன். ஆனால் எது தேறும், எது தேறாது என்று யாராவது உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொன்னார்களா? அந்த வேலையைத்தான் நாம் செய்யவேயில்லை. நம் நவீன இலக்கிய வரலாறு 1930-களில் வந்த 'மணிக்கொடி' என்ற இலக்கிய இதழைச் சுற்றியே எழுதப்பட்டது. அந்த வட்டத்துக்கு வெளியே விற்றுத் தீர்ந்ததெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டது. பெண்கள் படித்த பொழுதுபோக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

1966-ல் வந்த 'சித்தி' படம் பலருக்கு நினைவிருக்கும். கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் பத்மினியும் எம்.ஆர்.ராதாவும் நடித்தது. தம்பியின் படிப்புக்காக வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகிறாள் ஒரு பெண். அது கோதைநாயகியின் 'தயாநிதி' நாவல். படத்தைப் பார்த்து அழுத தலைமுறையிலேயே பலருக்கு இது தெரியாது. அதைப் பார்க்க அவரும் இல்லை. ஒரே மகனை 1956-ல் பறிகொடுத்தார், அந்தத் துக்கத்திலிருந்து மீளவேயில்லை. 1960 பிப்ரவரியில் காசநோயால் காலமானார்.

பதிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். 115-ஐயும் மொத்தமாகப் போட வேண்டாம். நன்றாகப் படித்த ஒருவரை வைத்துப் பத்து நாவலைத் தேர்ந்தெடுங்கள். முதலில் எந்த ஆண்டு, எந்த இதழில் வந்தது என்ற குறிப்போடு, பிழை இல்லாமல் போடுங்கள். தமிழ்த் துறைகளில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களே, இங்கே ஒரு சுரங்கம் கிடக்கிறது. அப்புறம், உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி பைண்டு செய்து வைத்த ஜகன்மோகினி இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகம் மாதிரி பழைய இதழ்களைக் காக்கும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.