எழுந்து நடந்துவிட்டால் போதுமா?
தண்டுவட நீரில் மிடசோலம் என்ற மயக்க மருந்தைச் செலுத்திய முயல்கள் மறுநாளே எழுந்து நடந்தன, ஆகவே மருந்து பாதுகாப்பானது என்று ஒரு கட்டுரை முடிவு கட்டுவதை ஏற்க முடியவில்லை. தேவகோட்டைப் பக்கம் எங்கள் பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தபோது, கால்நடை மருத்துவர் வாலை அடிபம்புக் கைப்பிடி போல மேலும் கீழும் ஆட்டி, எலும்பிடுக்கில் பள்ளம் தட்டுப்பட்ட இடத்தில் 5 மில்லி லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தைப் போட்டார். வால் துவண்டு தொங்கியது. பசு நின்றபடியே அசைபோட்டது. மாலையில் அதே வால் ஈ விரட்டியது. (அந்த ஊசி தண்டுவட உறைக்கு வெளியே போடுவது, உள்ளே அல்ல.) மாட்டுக்காரனுக்கு அது போதும், ஆய்வுக்குப் போதாது. நரம்பு சிதைந்திருப்பதை நடை எப்போதும் காட்டிக்கொடுக்காது. தண்டுவடத்தை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த சில ஆய்வுகள் முயல்களில் பாதிப்பைக் கண்டன. செம்மறியாட்டிலும் பன்றியிலும் வாரக்கணக்கில் செலுத்திப் பார்த்த ஆய்வு அதைக் காணவில்லை. ‘மருந்து ஒன்றுதானே, முடிவு மட்டும் ஏன் மாறுகிறது’ என்று கேட்கும் அன்பருக்கு: குப்பியில் மருந்து மட்டுமா இருக்கிறது? மிடசோலக் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. சில குப்பிகளில், மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சைல் ஆல்கஹாலும் கலந்திருக்கும். 1980களில் குளோரோபுரோகெய்ன் என்ற மரப்பு மருந்தை முதுகில் போட்ட சிலருக்குக் கால் மரமரப்பு நீடித்தபோதும், அது கெடாமலிருக்கக் கலந்த சோடியம் பைசல்பைட் மீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது. முயல்களுக்குப் போட்டது எந்தக் குப்பி, திசுவை எத்தனையாவது நாளில் எடுத்தார்கள் என்பதையாவது கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.