சான்ஸ் இருக்கிறதா என்று கேட்கும் முன் சீட் இருக்கிறதா என்று பாருங்கள்

சனிக்கிழமை ஜூம் கூட்டத்தில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் ஒருவர் பேசியதைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் முழுவதையும் திரும்ப எழுதவில்லை. "ஜிபிஏ 3.9 இருக்கா? அப்ப ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் எல்லாத்துக்கும் ட்ரான்ஸ்ஃபர் போடலாம், சான்ஸ் நல்லாவே இருக்கு" என்றார். ட்ரான்ஸ்ஃபர் என்றால் படிக்கிற கல்லூரியிலிருந்து பாதியில் வேறு கல்லூரிக்கு மாறுவது. ஜிபிஏ என்பது நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி. அவர் சொன்ன மூன்றும் அமெரிக்காவில் இடம் கிடைப்பதே அரிதான சின்னக் கல்லூரிகள். நாலு நாளாக அந்தப் பேச்சு மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

சான்ஸ் நன்றாக இருக்கிறதா என்பதை ஜிபிஏ சொல்லாது. சீட் எண்ணிக்கைதான் சொல்லும்.

வில்லியம்ஸில் மொத்தமே சுமார் 2,000 மாணவர்கள்தான். ஸ்வார்த்மோர் அதைவிடச் சின்னது. இந்தக் கல்லூரிகளில் சேர்ந்த பிள்ளைகள் பாதியில் விட்டுப்போவது அரிது. யாராவது எழுந்தால்தானே இன்னொருவர் உட்கார முடியும்? மூன்றாம் ஆண்டில் சிலர் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போவார்கள், அப்போது விடுதியில் சில அறைகள் காலியாகும், ட்ரான்ஸ்ஃபருக்கு இடம் வருவது அப்படித்தான். இந்த வருடம் இருக்கும் இடம் அடுத்த வருடம் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இதைத் தெரிந்துகொள்ள ஆலோசகர் தேவையில்லை. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். கல்லூரிகள் தங்கள் சேர்க்கை எண்ணிக்கைகளை வெளியிடும் பொது அறிக்கை அது. நம்மவர்கள் 'சி' பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பள்ளி முடித்து நேராகச் சேர்பவர்களுக்கானது. 'டி' பகுதிக்குப் போங்கள். டி2 அட்டவணையில் ட்ரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்தவர்கள், அனுமதி பெற்றவர்கள், சேர்ந்தவர்கள் என்று மூன்று எண்ணிக்கை இருக்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் நாலைந்து வருடத்தை வரிசையாக எழுதிவையுங்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 400 பேர் போட்டு 12 பேருக்குக் கிடைத்தால் 3 சதவீதம். அடுத்த வருடம் 24 பேருக்குக் கிடைத்தால் 6 சதவீதம். உங்கள் பிள்ளையின் மார்க் மாறவே இல்லை, 12 இடம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 12-லும் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புள்ள உள்ளூர்க் கல்லூரி) படித்தவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் பல கல்லூரிகள் முதலிடம் தருகின்றன. தரவும் வேண்டும்.

அடுத்தது காலக்கணக்கு. கடைசித் தேதி பல இடங்களில் மார்ச் முதல் வாரத்தை ஒட்டி வரும். முதலாம் ஆண்டு மாணவரிடம் அப்போது கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர், நாலைந்து பாடம். அதை மட்டும் வைத்து யார் முடிவெடுப்பார்கள்? ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியலைத்தான் மறுபடி புரட்டுவார்கள். போன வருடம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன அதே காகிதம். இரண்டாம் ஆண்டில் போட்டால் மூன்று செமஸ்டர் மதிப்பெண் பேசும், பள்ளிக்கால மார்க்கின் கனம் குறையும். ஆனால் பட்டத்துக்குத் தேவையானதில் பாதியைப் புதிதாகச் சேரும் கல்லூரியிலேயே படிக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. வில்லியம்ஸில் பட்டத்துக்கு 32 பாடம். அதனால் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கவுன்டிங், மார்க்கெட்டிங் மாதிரிப் பாடங்களுக்குக் கிரெடிட் கிடைக்காமலும், அதாவது புதுக் கல்லூரி அவற்றைக் கணக்கில் சேர்க்காமலும் போகலாம். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் முதல் வாரமே சேமித்துவையுங்கள். பின்னால் தேடினால் அந்தப் பாடத்தின் இணையப் பக்கம் மூடியிருக்கும்.

மார்ச்சில் ஒரு மாணவியின் விண்ணப்பத்தைப் பார்த்தேன். மூன்று பாடத்தில் ஏ, கெமிஸ்ட்ரியில் பி பிளஸ். பரிந்துரைக் கடிதம் எழுதியவர் பேராசிரியர் இல்லை, லேபைப் பார்த்துக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவர். 200 பேர் உட்காரும் வகுப்பில் பேராசிரியருக்கு அவள் முகமே தெரியாது. மிட்-டெர்ம் ரிப்போர்ட்டில், அதாவது இப்போது படிக்கும் பாடங்களில் இதுவரையான மதிப்பெண்ணை ஆசிரியர்கள் எழுதித்தரும் படிவத்தில், நாலு கட்டத்தில் இரண்டு காலி. அவள் கேட்டு எழுதியபோது அந்த ஆசிரியர்கள் வசந்த விடுமுறையில் இருந்தார்கள். டீன் அலுவலகம் நிரப்ப வேண்டிய காலேஜ் ரிப்போர்ட்டும் வந்துசேரவில்லை. இதில் அவள் தப்பு என்ன? செப்டம்பரிலேயே ஆஃபீஸ் அவர்ஸுக்கு (பேராசிரியர் மாணவர்களைத் தனியாகச் சந்திக்கும் நேரம்) போய் முகம் காட்டு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஜிபிஏவைத்தான் சொன்னார்கள்.

"நம்பிக்கையைக் கெடுக்காதீங்க" என்று சிலர் எழுதுவீர்கள். எண்ணிக்கையைச் சொன்னால் கெட்டுப்போகிற நம்பிக்கையை எதற்காகக் கொடுத்தீர்கள்? "கலிஃபோர்னியாவில் உறுதியாகக் கிடைக்கிறதே" என்பவர்களுக்கு: அது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் ஆறு வளாகங்களுக்கான உத்தரவாதத் திட்டம். டேவிஸ், இர்வைன் போன்றவை அதில் உண்டு, பெர்க்லி கிடையாது. சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்த கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இடம் நிச்சயம். ஆம்ஹர்ஸ்டோடு அதை ஒப்பிட முடியாது. "எங்க பையனுக்குக் கிடைச்சுதே" என்றால், மனமார்ந்த வாழ்த்துகள்.

பண விஷயத்தை ஆலோசகர் தொடவே இல்லை. வெளிநாட்டு மாணவருக்கு 'நீட்-பிளைண்ட்' (பண வசதியைப் பார்க்காமல் அனுமதி தருவது) என்று எழுதியிருந்தால், அது முதலாம் ஆண்டில் சேர்பவருக்கு மட்டுமா, ட்ரான்ஸ்ஃபருக்கும் உண்டா என்று தனியாகப் படியுங்கள். பல இடங்களில் விதி வேறு. எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் செவிஸ் என்ற அரசுப் பதிவைப் பழைய கல்லூரி புதிய கல்லூரிக்கு மாற்றிவிட வேண்டும், புதிய கல்லூரியிடம் புது ஐ-20 படிவம் வாங்க வேண்டும்.

உண்மையிலேயே திறந்திருக்கும் கதவுகளையும் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வலி. வாசர் கல்லூரி 1985 முதல் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே கோடைக்காலத் திட்டம் நடத்துகிறது. வழக்கமான கல்லூரி வயதைக் கடந்த பெண்களுக்கு ஸ்மித்தில் ஏடா காம்ஸ்டாக் திட்டம் இருக்கிறது, மவுண்ட் ஹோலியோக்கில் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் திட்டம் இருக்கிறது. குழந்தை பிறந்ததால் படிப்பை விட்டுவிட்டு வந்த எத்தனை தங்கச்சிகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்! அவர்கள் காதில் இது விழவே இல்லை.

கடைசியில் ஒரு அப்பா பேசினாரே, நினைவிருக்கிறதா? "இப்ப படிக்கிற காலேஜ் பேரை வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு சார்." பக்கத்தில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம், 3.9. அவர் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அதற்கும் ஆலோசகர் தலையாட்டினார், "மாத்திடலாம் சார்" என்றார்.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால் சொல்கிறேன். நீ படிக்கிற கல்லூரியில் ஒரு குறையும் இல்லை. டி2 எண்களைப் பார். பார்த்த பிறகும் அங்கே போய்ப் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது என்று உனக்கே தோன்றினால் எனக்கு மெசேஜ் பண்ணு, விண்ணப்பக் கட்டுரையைச் சேர்ந்து பார்ப்போம்.